முதல் ஊசி

வெயில் வந்து மடியில் விழுந்த பிறகுதான் எட்வின் தல்மேதாவுக்கு உறைத்தது, இடதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு மேற்கே பார்த்து ஓடுகிற பஸ்ஸில் மத்தியானத்துக்கு மேல் இடதுபக்கம் பூராவும் வெயில்தான். முப்பத்தைந்து வருஷமாக இந்த ரோட்டில் போய் வருகிற மனுஷனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் இன்றைக்குப் பார்த்துப் புத்தி எங்கேயோ போய்விட்டது. மடியில் துணிப்பை, பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு எல்.பி. ரெக்கார்டு. அந்தக் கறுப்புத் தட்டுக்கு வெயில் ஆகாது. அரை மணி நேரம் காய்ந்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், நெளிந்ததை எந்தக் கொம்பனாலும் நிமிர்த்த முடியாது. அடக் கடவுளே, பத்தொன்பது வருஷம் பீரோவுக்குள் சேலைகளுக்கு அடியில் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கிற அன்றைக்கா வெயிலில் காயப் போடுவது. எழுந்தார். பஸ் வாகைக்குளம் வளைவில் சாய்ந்தது, அவரும் சாய்ந்தார், பையை மட்டும் சாயவிடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "பெரியவரே, ஓடுற வண்டியில எதுக்கு எடம் மாத்துதீரு? விழுந்து வச்சா நாந்தானே பதில் சொல்லணும்" என்று கண்டக்டர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். வலதுபக்கத்து சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த ஆள் நகர்ந்து இடம் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா இருக்கவில்லை. "என்ன அது, கண்ணாடி போட்ட சாமி படமா?" ரெக்கார்டு என்றார் தல்மேதா. "பாட்டு ரெக்கார்டா? இதெல்லாம் இன்னும் பாடுதா?" பாடும் என்றார். "யாரு படிச்சது?" பிரேசில் நாட்டுப் பாட்டு. "ஃபுட்பால் ஆடுவானே, அந்த நாடா? அவன் பாட்டு உமக்கு எதுக்கு?" தல்மேதா சிரித்து வைத்தார். எதுக்கு என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல. ஆவுடையப்பன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான், இருந்திருந்தால் என்ன இருந்திருந்தால், இருக்கத்தானே செய்கிறான், காலையில் பதினோரு மணி வரைக்கும் இருந்தான், இப்போதும் இருப்பான், இருக்க வேண்டும்.

காலையில் ஆவுடையப்பனின் சம்சாரம் உலகம்மை போனில் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அண்ணே, ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க, நேத்தே வந்துட்டோம். கஞ்சி உள்ள எறங்கல. உங்களத்தான் கேக்காக. ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்று பால்காரனுக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பாட்டுப் பெட்டிய கட்டிலுக்குப் பக்கத்துல வைக்கச் சொன்னாக, வச்சிருக்கேன்" என்றாள். வயிற்றில் கட்டி என்று தெரிந்து எட்டு மாசம் ஆகிறது. எட்டு மாசமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பையை எடுத்து, வாசல் வரைக்கும் வந்து, திரும்பவும் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்தார். அடுத்த வாரம் கொண்டுபோவோம், அடுத்த வாரம் அவன் இன்னும் கொஞ்சம் தெம்பாக இருப்பான், தெம்பாக இருக்கும்போது சொன்னால்தான் தாங்குவான். தாங்க வேண்டியது அவனா, தானா? இன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிறு வரைக்கும் பொறுக்காது என்று ஆஸ்பத்திரிக்காரன் கணக்குப் போட்டுவிட்டான்.

முருங்கைக்காய் ஆள் தூங்கிவிட்டான். எதுக்கு என்று கேட்டானே, அதுக்குப் பதில் ஒரு கப்பல்காரனிடம் இருக்கிறது. துறைமுகத்தில் தல்மேதா டாலி கிளார்க், கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்குகிறது என்று எண்ணி எழுதுகிற வேலை. ஆவுடையப்பன் அதே ஆபீசில் மேசை வேலை. ஒருநாள் உரம் இறக்க வந்த கப்பலில், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பிரேசில் மாலுமி, தல்மேதாவின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்துவிட்டு நெஞ்சில் தட்டித் தட்டி என்னவோ சொன்னான். அவன் ஊரில் இந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்குமாம். தூத்துக்குடிப் பரவர் தெருவிலும் நாலு பேருக்கு இருக்கிறது, எந்தக் காலத்திலோ போர்த்துக்கீசியச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போன பெயர், அதே ஆட்கள் அங்கேயும் போய் வைத்திருக்கிறார்கள். அவன் ஒரு ரெக்கார்டு கொடுத்தான், இவர் கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். வீட்டில் பாட்டுப் பெட்டி கிடையாது. ஆவுடையப்பனிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெக்கார்டோடு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார். ரெக்கார்டில் ஒருத்தன் கிட்டாரை அடிக்காமல் தடவிக்கொண்டே, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகப் பாடினான். ஒரு எழவும் புரியவில்லை. ஜனேலா என்று ஒரு வார்த்தை வந்தது, ஆவுடையப்பன் சடாரென்று நிமிர்ந்து "ஜன்னலத்தான் சொல்லுதான் வே" என்றான். அவ்வளவுதான் புரிந்தது, ஜன்னல். அது போதுமாக இருந்தது. அன்றைக்கு உலகம்மை போட்ட சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் ஏழு தடவை போட்டார்கள். அதற்கப்புறம் எந்தக் கப்பல் வந்தாலும் ஆவுடையப்பன் மாலுமிகளிடம் கையால் வட்டம் போட்டுக் காட்டுவான். பம்பாய்க்கு எழுதினான், கோவாவுக்கு எழுதினான், லிஸ்பனில் ஒரு கிழவனைப் பிடித்துக் கடிதப் போக்குவரத்து வைத்தான். பழைய சம்பா, போசா நோவா என்று அந்த நாட்டுப் பாட்டு தினுசுகள், பேர் தெரியாத கம்பெனிகள். எழுபது எண்பது சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு விதிதான், ஆவுடையப்பன் போட்டது: எவன் கையில் கிடைத்தாலும் சரி, முதல் ஊசி ரெண்டு பேரும் உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். கிடைத்தவன் ஞாயிறு வரைக்கும் பொறுக்க வேண்டும். ஆவுடையப்பன் ஒரு தடவை லிஸ்பனிலிருந்து வந்த பார்சலைப் பிரிக்காமல் பதினோரு நாள் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான், தல்மேதாவுக்குக் காய்ச்சல் என்பதால். பதினோரு நாள். அதை நினைக்கக் கூடாது, இப்போது அதை நினைக்கக் கூடாது.

தெய்வச்செயல்புரம் தாண்டியாயிற்று. சொல்லிவிடுவதா வேண்டாமா. ஒரு ரெக்கார்டின் பின்னட்டையில், அதே கம்பெனி போட்ட மற்ற ரெக்கார்டுகளின் படம் சின்னச் சின்னதாக அச்சாகியிருந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதில் ஒரு பொம்பளை நாற்காலியில் சாய்ந்து கிட்டாரோடு இருந்தாள். ஜாந்திரா தல்மேதா. லிஸ்பன் கிழவன் எழுதினான்: அந்தம்மா ஒரே ஒரு ரெக்கார்டுதான் கொடுத்தாள், முந்நூறு பிரதிகூடப் போயிருக்காது, நானே கண்ணால் பார்த்ததில்லை. போச்சு, அன்றைக்குப் பிடித்தது ஆவுடையப்பனுக்குப் பைத்தியம். பூதக்கண்ணாடி வைத்து அந்த நகத்தளவு படத்தைப் பார்ப்பான். "உம்ம சித்தி மாதிரியே இருக்கா வே" என்பான். பார்க்கிற ஞாயிறெல்லாம் முதல் பேச்சு, "சித்தி கடுதாசி போட்டாளா?", அதாவது ரெக்கார்டு கிடைத்ததா என்று. இல்ல வே என்பார் தல்மேதா, ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அப்படித்தான் இருந்தது, தல்மேதாவின் சம்சாரம் பிலோமினா சாகிற வரைக்கும். பிலோ செத்து முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், உடைத்த கப்பல்களின் சாமான் விற்கிற கடையில், மாலுமிகளின் சாப்பாட்டு அறையிலிருந்து வந்த தட்டுகளுக்கும் டம்ளர்களுக்கும் நடுவே, ஒரு அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்திருந்தது. வியாழக்கிழமை. ஜாந்திரா தல்மேதா அவரை நிமிர்ந்து பார்த்தாள், நிஜ அளவில். ஞாயிற்றுக்கு இன்னும் மூணு நாள். வீட்டில் அதற்குள் அவருக்கென்று ஒரு பாட்டுப் பெட்டி வந்திருந்தது, பிலோ சீட்டுப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. நெளிசல் இருக்கிறதா, சுற்றுகிறதா என்று பார்ப்போம், ஊசி வைக்க வேண்டாம் என்றுதான் தட்டில் வைத்தார், சத்தியமாக அப்படித்தான் வைத்தார். பாட ஆரம்பிக்கும் முன் அந்தப் பொம்பளை மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பிலோ ஊசியில் நூல் கோர்க்கும்போது அப்படித்தான் மூச்சை இழுத்து நிறுத்துவாள். அந்தச் சத்தம். குரலில் ஒரு ஒற்றுமையும் கிடையாது, பிலோவுக்குப் பாட்டே வராது, கோயில் கீர்த்தனையைக்கூடக் கட்டைக் குரலில்தான் இழுப்பாள். ஆனால் அந்த மூச்சு. அடக்கத்தில் அழாத மனுஷன், கல்லறையில் ஆவுடையப்பன் தோளைப் பிடித்து உலுக்கி "அழுதுரும் வே, அழுதுரும்" என்று கெஞ்சியும் அழாத மனுஷன், பாட்டுப் பெட்டியின் முன்னால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதார். திருப்பித் திருப்பிப் போட்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு பாளையங்கோட்டைக்குப் போனார். "சித்தி கடுதாசி போட்டாளா?" என்று ஆவுடையப்பன் கேட்டான், துக்க வீட்டுக்காரனைச் சிரிக்க வைக்கலாம் என்று கேட்டான். இல்ல வே என்றார். அந்த ஒரு இல்ல. அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றால், போன ஞாயிறு ஏன் சொல்லவில்லை என்பான். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கஷ்டம். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, பத்தொன்பது வருஷம், எத்தனை இல்ல, பெருக்கிப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை, மூட்டை எண்ணியே காலம் கழித்த ஆளுக்கு.

வல்லநாடு தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. நேத்துதான் கிடைச்சுது வே என்று சொன்னால் என்ன? வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நேத்துதான் கிடைச்சுது வே, அந்தக் கப்பல் சாமான் கடையில, இன்னும் ஊசி வைக்கல, உமக்காகத்தான் வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்? சாகக் கிடக்கிறவன் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, அப்பாடா என்று நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். பாவசங்கீர்த்தனம் செய்கிறவனுக்குச் சாமியார் வேண்டும், ஆவுடையப்பன் என்ன சாமியாரா? அவன் சந்தோஷமாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அவன் கண்ணுக்குத் தப்புமா? ரெக்கார்டைக் கையில் வாங்கினால் அவன் முதலில் பார்ப்பது பாட்டையா, நடு ஓட்டையை அல்லவா, ஓட்டையைச் சுற்றி லேபிளில் முடிமுடியாகக் கோடு இருக்கிறதா, தட்டை மாட்ட எத்தனை தடவை ஒருத்தன் பெட்டியின் நடுக்கம்பியைத் தேடித் தடவியிருக்கிறான் என்று பார்ப்பான். அதற்கும் பதில் இருக்கிறது, கப்பல்காரன் போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறான் வே. ஆமாம். எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. சொல்லாமலே விட்டால் அவன் போன பிறகு இதை யாரிடம் சொல்வது? ஒருத்தரிடமும் சொல்ல முடியாது, அவன் ஒருத்தனுக்குத்தானே இது குற்றம். மற்றவர்களுக்கு இது ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டு. முருங்கைக்காய் ஆள் விழித்து "பாளை வந்துட்டா?" என்றான். வந்துட்டு என்றார் தல்மேதா, இறங்கும்போது அவன் உயிரோடு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார், உடனேயே, இல்லாமல் இருந்தால் எதையும் சொல்ல வேண்டியதில்லையே என்று ஒரு நினைப்பும் ஓடியது, அந்த நினைப்பை நினைத்துத் தன் கன்னத்தில் தானே அறையலாம் போலிருந்தது.

ஆவுடையப்பன் உயிரோடு இருந்தார். மாடி வீட்டின் முன்னறையில், கட்டிலில், தலையணை மூன்று வைத்துச் சாய்த்திருந்தார்கள். ஆளில் பாதிதான் மிச்சம். கண் மட்டும் பழைய கண். "வாரும் வே" என்றார், குரல் காற்றாக வந்தது, "சித்தி கடுதாசி..." அதற்கு மேல் மூச்சு இல்லை. தல்மேதா பையைப் பிரித்தார். வேட்டியைப் பிரித்தார். அட்டையைக் கட்டிலில் அவர் மடிமேல் வைத்தார். "சித்தியே வந்துட்டா வே. நேத்துதான் கிடைச்சுது. இன்னும் ஊசி வைக்கல" என்றார், பஸ்ஸில் பழகியதைவிட நன்றாகவே வந்தது. ஆவுடையப்பன் அட்டையைத் தொடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. "உலகு, பாத்தியா? பாத்தியாட்டி?" என்றார். ஓட்டையைப் பார்க்கவில்லை, கோடுகளைத் தேடவில்லை, அவசரம், சின்னப்பிள்ளை மாதிரி அவசரம், போடும் வே போடும் என்று விரலை ஆட்டினார். நல்ல காரியம்தான் செய்தோம் என்று தல்மேதாவுக்கு நெஞ்சு லேசானது. தட்டில் வைத்தார், ஊசியை வைத்தார், ஜாந்திரா மூச்சை இழுத்தாள், பாடினாள். ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார், முதல் ஊசியின்போது எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் பாதியில், தல்மேதாவின் வலது கை தானாக எழுந்து பெட்டிக்கு மேல் போய், ஆள்காட்டி விரல் ஊசிக் கையின் தலைக்கு மேல் காத்து நின்றது, சரியான நேரத்தில் லேசாக ஒரு அழுத்து அழுத்தியது, பாட்டு தடங்கல் இல்லாமல் தாண்டிப் போனது. விரலை எடுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அங்கே ஒரு கீறல் இருக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆவுடையப்பன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்ட, பதறிப்போய் ஊசியைத் தூக்கியதில் விழுந்த கீறல். என்ன வே பாட்டுச் சத்தம் கேட்டுது என்றார் அன்றைக்கு, ரேடியோ என்றார் இவர். அழுத்தாவிட்டால் ஊசி அந்த இடத்திலேயே சுற்றும், பதினாறு வருஷமாக அந்த இடம் வந்தால் கை போய்விடும், தூக்கத்தில்கூடப் போகும். ஊசி வைக்காத ரெக்கார்டில் கீறல் எங்கே என்று கைக்கு எப்படித் தெரியும்? ஆவுடையப்பன் தட்டைப் பார்க்கவில்லை இப்போது. விரலைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். "எத்தனை வருஷமா?" என்றார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "பத்தொம்பது" என்றார் தல்மேதா. "பிலோ போன மறுமாசம். வே, நான்..." ஆவுடையப்பன் கையைத் தூக்கினார், பேசாதே என்று. பாட்டைக் கேட்க வேண்டும் அவருக்கு. அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் தல்மேதா நின்றுகொண்டே இருந்தார், உலகம்மை எதுவும் விளங்காமல் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முடிந்ததும் ஆவுடையப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார், "உலகு, மறுபக்கம் திருப்பிப் போடு. ரெக்கார்டு இருக்கட்டும். அவரைப் போகச் சொல்லு."

போய்விட வேண்டியதுதான். மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்தார். ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது, பஸ் ஸ்டாண்டா என்று கேட்டான், தலையை ஆட்டினார், ஏறவில்லை. மேலே ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. அவரைப் போகச் சொல்லு. நீரு போம் என்றுகூடச் சொல்லவில்லை, அவரை என்றார், மூணாம் மனுஷனைச் சொல்வது மாதிரி. திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். செருப்பால் அடிக்கத் தெம்பிருந்து அடித்திருந்தால் குனிந்து கொடுத்திருக்கலாம். பொய் சொல்லாமல் இருந்திருந்தால்? வந்தவுடன் காலைப் பிடித்துச் சொல்லியிருந்தால்? எல்லாம் கையால் வந்த வினை, இல்லை, வாயால் வந்தது, கை பாவம், கை உண்மையைத்தான் சொன்னது. முதல் பாட்டு முடிகிறது. இந்தப் பக்கத்தில் ஊசி சிக்குகிற இடம் மூன்று இருக்கிறது, தேய்ந்து தேய்ந்து தானாக வந்தவை, முதலாவது ரெண்டாம் பாட்டின் தொடக்கத்திலேயே. உலகம்மைக்கு அது தெரியாது. ஊசியைத் தொடவே பயப்படுவாள், தொட்டால் திட்டுவார் என்று நாற்பது வருஷமாகத் தொட்டதில்லை. போயிருக்கலாம், ஆட்டோவில் ஏறியிருக்கலாம், கால் வரவில்லை. அந்த இடம் வந்தது. ஜாந்திரா ரெண்டு வார்த்தை பாடினாள், அதே ரெண்டு வார்த்தையை மறுபடியும் பாடினாள், மறுபடியும், மறுபடியும். தல்மேதாவின் விரல் காலித் துணிப்பைக்குள் அசைந்தது. யாரும் தட்டவில்லை. பத்து தடவை, இருபது தடவை, ஆட்டோக்காரன் மேலே பார்த்து "என்னங்க, மாட்டிக்கிட்டா?" என்றான். சாகக் கிடக்கிற மனுஷன் காதில் அதே ரெண்டு வார்த்தை. கடைசியில் உலகம்மை ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள், போயிருக்க மாட்டார் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. "அண்ணே" என்று கூப்பிட்டாள், அவள் குரல் இப்போதுதான் உடைந்தது, "அதைத் தட்டி விட்டுட்டுப் போகச் சொல்லுதாக." படியை எப்படி ஏறினார் என்று தெரியாது. கட்டிலைப் பார்க்காமல் நேரே பெட்டிக்குப் போய் விரலை வைத்து அழுத்தினார், பாட்டு மேலே நகர்ந்தது. திரும்பிப் போகக் காலைத் தூக்கினார். "இன்னும் எத்தனை எடம்?" ஆவுடையப்பன் கண்ணை மூடியிருந்தார். "ரெண்டு" என்றார் தல்மேதா. ஆவுடையப்பன் மூச்சை உள்ளே இழுத்தார்.

"நில்லும்" என்றார்.